தூசிக் குழாயின் வளைவு

வெள்ளிக்கிழமை, துவாரகா

இன்றும் தூசி அடங்காவிட்டால் ரம்ப மிஷினை விற்கச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். ராத்திரியெல்லாம் என்னையும் தூங்கவிடாத இவருடைய மூச்சிரைப்புக்கு மரத்தூள்தான் காரணம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு இவருக்கு அந்த மிஷின்தான் உயிர்.

தூசி உறிஞ்சும் குழாயைச் சமையலறைத் தண்ணீர்க் குழாய் மாதிரி சுவர் மூலையில் செங்கோணமாக மடக்கியது என் தப்பு. காற்று அங்கேயே முட்டி நின்றது. காலையில் அதைச் சாய்வான இரண்டு வளைவுகளாக மாற்றினேன். இழுக்கிறதா என்று பார்க்க, ரம்பத்தின் அடியில் கோலமாவால் ஒரு கோடு போட்டேன்.

"அச்சா, மிஷினுக்கும் கோலமா?" என்று இவர் சிரித்தார்.

"பேசாம சுவிட்சைப் போடுங்க."

கோடு ஒரே இழுப்பில் குழாய்க்குள் போய்விட்டது. பிறகு ஒரு பலகையை முழுதாக அறுத்தார். இருமவில்லை.

"நாளைக்கும் அறுக்கலாமாடி?"

"மாஸ்க் போட்டுக்கிட்டு அறுங்க" என்றேன். விற்கிற பேச்சை எடுக்கவே இல்லை. முருகா, பல நாள் கழித்துக் கண் தானாகச் சொக்குகிறது.