ஈரக் கையுறை

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே சுகமாகவே இருக்கிறோம், உன் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் இப்போது எங்கள் நினைப்பெல்லாம். அக்கா மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள். அம்மாவின் முட்டிவலி தேவலை, மாடிப்படி ஏறாதே என்றால்தான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

போன ஞாயிறு போனில், குளிர்கிடங்கில் பெட்டி அடுக்கி முடித்தால் விரல்கள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போகின்றன, கிள்ளினாலும் தெரிவதில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் உடனே போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லையம்மா, எனக்கு வேறொருத்தியின் விரல்கள் நினைவுக்கு வந்துவிட்டன. நான் மீன் ஆலையில் மேற்பார்வையாளனாக இருந்தபோது, உறைந்த மீன் கட்டிகளை அறுக்கும் இயந்திரத்தில் ஒரு பெண் வேலை செய்தாள். ஓயாமல் பாடுவாள், அதனால் எல்லாருக்கும் அவள் ரேடியோ. அந்த இயந்திரம் நாள் முழுக்கக் கையை அதிரவைக்கும், பத்து மணிக்குள் கையுறை நனைந்துவிடும். வேறு ஜோடி கேட்டால் வாரத்துக்கு ஒன்றுதான் என்பேன், கையைச் சூடாக்கிக்கொள்ள வெளியே போனால் கடிகாரத்தைப் பார்ப்பேன். ஒருநாள் என் மேசைமேல் விரல்களை நீட்டி, "சார், பாருங்க, ஊசி குத்தினாக்கூட தெரியலை" என்றாள். நான் நிமிரக்கூட இல்லை. "குளிர்ல நின்னா குளிரத்தான் செய்யும், நடிக்காம போய் வேலையைப் பாரு" என்றேன். அலமாரியில் புதுக் கையுறைகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. சிக்கனமான ஆள் என்று மேலாளர் மெச்ச வேண்டும், எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது. இரண்டு வருஷத்தில் புண் ஆறாமல் அவளுக்கு ஒரு விரல் நுனியை எடுத்துவிட்டார்கள். நான் பார்க்கப் போகவில்லை.

நீ பேசிய மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். தையல் கடைக்கு மேலே ஒரே அறை. தேநீர் டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடித்துக் கொண்டுவந்தாள். "அன்னிக்கு நான் பாத்திருக்கணும், மன்னிச்சிடும்மா" என்றேன். திட்டவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. உன்னைப் பற்றிச் சொன்னதும், "அங்க இருக்கிற சூப்பர்வைசர்கிட்ட காட்டினாளா? அவரு பாத்தாரா?" என்று கேட்டாள். கிளம்பும்போது அவளே, "நனைஞ்ச உடனே கையுறையை மாத்தச் சொல்லுங்க சார். வெளுத்தா வெதுவெதுப்பான தண்ணி போதும், நெருப்புல காட்ட வேணாம். மரத்த கைக்குச் சூடு தெரியாது, அப்படித்தான் எனக்குக் கொப்புளம் வந்துச்சு" என்றாள்.

உன் சூப்பர்வைசர் பார்க்கட்டும் என்று நீ காத்திருக்காதே, இந்த வாரமே டாக்டரிடம் போ. எப்போதாவது நீ சிகரெட் பிடிப்பது எனக்குத் தெரியும், அம்மாவிடம் மூச்சு விடவில்லை. விரலின் ரத்த ஓட்டத்துக்கு அதுவும் ஆகாதாம், விட்டுவிடு. வேலை போனால் போகட்டும், வேறு வேலை தேடலாம்.

நோய்நொடி அண்டாமல் நீ நீண்ட நாள் வாழ வேண்டும். டாக்டர் சொன்னதை அப்படியே எழுது, அப்பா வருத்தப்படுவார் என்று நல்லதை மட்டும் பொறுக்கி எழுதாதே. இந்த முறை நான் பார்க்கிறேன்.

என்றும் உன்,
அப்பா