லிஃப்ட் வாசலில் கூப்பிட்டாள்

திங்கட்கிழமை

ராசு மாமா, நம் பொண்ணு பிளஸ் டூ முடித்துக் காலேஜ் போய் ஒரு வாரம் ஆகிறது. இன்று நான் வேலை செய்கிற அபார்ட்மெண்டுக்கு வீட்டுச் சாவி வாங்க வந்தாள். நான் லிஃப்ட் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அவளோடு படிக்கிற பெண் ஒருத்தியும் கூட நின்றாள். அந்தப் பெண் மேல் மாடியில் இருப்பவள். அவள் எதிரில் நம் பொண்ணுக்கு அவமானமாகிவிடக் கூடாதே என்று, "யாரைப் பாக்கணும் மேடம்?" என்று கேட்டுவிட்டேன்.

"என்னம்மா, மேடமா? டிராமா பண்றியா?" என்றாள். அந்தப் பெண்ணிடம் திரும்பி, "எங்கம்மா. மூஞ்சியைப் பாரு, அப்படியே நான்தான்" என்றாள்.

துடைப்பத்தைப் பிடித்தபடி நிமிர்ந்து நின்றேன், மாமா.

நீயும் அப்போது ஆட்டோ ஓட்டுகிற காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டுத்தானே அவள் ஸ்கூல் வாசலில் நிற்பாய்? உன்னையும் இப்படி ஒருநாள் கேட்டாளா?