பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தவனுக்கு

மச்சான்,

இன்று காலை நாம் படித்த பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரியில் பிரசங்கம் பண்ணக் கூப்பிட்டிருந்தார்கள். ஈப்போவிலிருந்து விடியுமுன்னே கிளம்பிவிட்டேன். சேப்பல் கதவைத் திறந்ததும் பெஞ்சுகளின் வார்னிஷ் வாடை முகத்தில் அடித்தது. அன்றைக்கு இருந்த அதே வாடை. மேடையில் ஏறிப் பார்த்தால் ஒரே ஒரு மைக். உன் மைக்கை எடுத்துவிட்டார்களாம். இப்போது நாம் பேசப் பேசத் திரையில் ஆங்கிலம் ஓடுகிறது. எனக்கு வந்ததே கோபம்! யார் மேல் என்றுதான் தெரியவில்லை. நீ போன பிறகு இன்னும் ஒரு கிறிஸ்துமஸ்கூட வரவில்லையே.

அப்போது நம் வகுப்புகள் தமிழில் நடந்தன. சேப்பல் ஆராதனை மட்டும் சீன மாணவர்களோடு சேர்ந்து ஆங்கிலத்தில். நானோ சுங்காய் ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. ஆங்கிலத்தில் தேநீர் கேட்கவே வியர்க்கும். நீ ஈப்போ டவுன்காரன், வாயைத் திறந்தால் ஆங்கிலம் கொட்டும். நான் தமிழில் பிரசங்கிக்க, நீ பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்வதென்று ஏற்பாடு.

என் முதல் பிரசங்கம், ஆண்டவர் சீடர்களோடு உண்ட கடைசி இராப்போஜனத்தைப் பற்றி. "அந்த ராத்திரியில எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து பசியாறினாங்க" என்றேன். எங்கள் தோட்டத்தில் சோறு அல்லாத எதைத் தின்றாலும் பசியாறல்தான். அவர்கள் தின்றதோ ரொட்டி. உங்கள் டவுனிலோ பசியாறல் என்றால் காலைச் சாப்பாடு மட்டும்தான். நீ முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், அந்த ராத்திரி எல்லாரும் பிரேக்ஃபஸ்ட் சாப்பிட்டார்கள் என்று சொல்லிவிட்டாய். முதலில் பின்பெஞ்சில் ஒரு களுக். பிறகு சேப்பலே அதிர்ந்தது. முதல்வர் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏன்டா சிரிக்கிறாங்க?" என்று உன் காதில் கேட்டேன். அது மைக்கில் விழுந்தது. அதையும் மொழிபெயர்த்தாய், படுபாவி!

கேன்டீனில் உன் சட்டையைப் பிடித்தேன். "ராத்திரி சாப்பாடுன்னு மாத்திச் சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படி மாத்துறது? நீ சொன்னதத்தான் நான் சொன்னேன். சொந்தமா ஒரு சொல்லு சேத்தாலும் அது பொய்லா மச்சான்."

அன்றைக்கு உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நீயில்லாமல் நான் மேடையேறியதும் இல்லை. சித்தியவான், கோலா கங்சார் என்று சபை சபையாகப் போனோம். என் அம்மாவின் அடக்க ஆராதனையில் பாதி வாக்கியத்தில் எனக்குக் குரல் உடைந்தது. அடுத்து என்ன சொல்ல வந்தேன் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் முந்திக்கொண்டு சொல்லவில்லை. நான் விட்ட இடத்திலேயே நீயும் நின்று, என் முதுகில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாய். அப்படி ஒருவனை நான் இனி எங்கே போய்த் தேடுவேன்?

பக்கவாதம் வந்து உன் பேச்சைத்தான் முதலில் பறித்தது. ஆண்டவரிடம் நான் சண்டை போட்டது அவருக்கும் எனக்கும்தான் தெரியும். கடைசி நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் என் சட்டையை இறுக்கிப் பிடித்து, உன் மனைவியைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னாய். அவள் பதறி எழுந்தாள்.

"அண்ணே, என்ன சொல்றாரு? நீங்கதானே அவரு கூடவே நின்னீங்க. ஒங்களுக்குப் புரியும்லா?"

குனிந்தேன். மறுபடி சொன்னாய். 'வ' போல ஒன்று, அதன் பின்னால் ஒரு நீண்ட மூச்சு. எனக்குப் புரியவில்லை, மச்சான். இத்தனை வருஷம் என் பேச்சையெல்லாம் சுமந்தாயே, உன்னுடைய ஒரே ஒரு சொல்லை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்குத் துப்பில்லை.

'பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்', 'அழ வேண்டாம் என்கிறார்' என்று எதையாவது சொல்லியிருக்கலாம். எந்தப் பாஸ்டரும் சொல்லியிருப்பார். அவளும் அதைப் பிடித்துக்கொண்டு தேறியிருப்பாள். வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். "புரியலம்மா" என்றேன். சாயங்காலம் நீ போய்விட்டாய்.

இப்போதும் ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு அவள் வந்து நிற்பாள். "ஏதாச்சும் வெளங்குச்சாண்ணே?" என்பாள். இல்லை என்று தலையை ஆட்டுவேன். "பரவால்லண்ணே" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடப்பாள். அவள் திட்டினாலாவது எனக்கு ஆறும்.

அந்த ஒலி என்னிடம்தான் இருக்கிறது. கார் ஓட்டும்போதும் குளிக்கும்போதும் நீ சொன்னபடியே சொல்லிப் பார்க்கிறேன். சில சமயம் 'வா' என்று கேட்கிறது. சில சமயம் 'வலிக்குது' என்று கேட்கிறது. வா என்றால் அவளிடம் சொல்லிவிடுவேன். வலிக்குது என்றால் எப்படிச் சொல்வேன்?

நாளை மறுநாள் ஞாயிறு, மச்சான். அவள் வந்து நிற்பாள்.