கேட்டுக்கு வெளியே

மார்ச் 4

அன்புள்ள நெட்டைக்கு,

அங்கி போட்டு, நாம் படித்த பள்ளிக்கே தலைமையாசிரியரும் ஆகிவிட்டாய். ஆனாலும் உன்னை ஃபாதர் என்று எழுதக் கை வரவில்லை, போ. முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஜூனிலிருந்து பெண்பிள்ளைகளையும் சேர்க்கப் போகிறாயாமே! நூறு வருடத்துக்கு மேலாகப் பையன்கள் மட்டுமே படித்த பள்ளியடா அது. பன்னிரண்டு மணிக்கு மூவேளை செப மணி அடித்தால் மைதானத்தில் அத்தனை பேரும் நின்ற இடத்தில் சிலையாக நிற்போமே. நீ உதைத்த பந்து அப்போதுதான் கோல்கீப்பரான என் கால்களுக்கு நடுவே உருண்டு உள்ளே போனது. செபம் முடிந்ததும் மூண்ட சண்டை இன்னும் ஓயவில்லை. அந்தப் பள்ளியை மாற்ற உனக்கு எப்படி மனம் வந்தது?

பெண்பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாதென்று மறைமாவட்ட ஆயருக்கு மனு எழுதிவிட்டேன். பழைய மாணவர்கள் அறுபது பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. உன்னிடம் சொல்லாமல் அனுப்பினால் முதுகில் குத்தியதாகிவிடும் என்றுதான் இந்தக் கடிதம்.

உன்
ஓட்டைக்கை

மார்ச் 11

என் அருமை ஓட்டைக்கைக்கு,

அது கோல்தான். செபத்தில் நின்றது நாம், பந்து அல்ல.

முழங்கால் மாடிப்படியைக் கண்டாலே முனகுகிறது. இந்த வருடம் முதல் வகுப்பில் ஒன்பதே பையன்கள். அண்ணனையும் தங்கையையும் ஒரே வாசலில் இறக்கிவிடுகிற பள்ளியைத்தான் பெற்றோர் தேடுகிறார்கள். பெண்பிள்ளைகள் வராவிட்டால் அடுத்த வருடம் முதல் வகுப்பை மூட வேண்டும்; அதற்கடுத்த வருடம் இரண்டாம் வகுப்பு. கையெழுத்துப் போட்டவர்களில் யாராவது ஒருவருடைய பேரன் இங்கே படிக்கிறானா, சொல்.

கோபமில்லையடா, வருத்தம்தான். ஆயர் என்னைவிட உங்கள் அறுபது பேர் பேச்சைத்தான் கேட்பார். அனுப்புவதும் அனுப்பாததும் உன் இஷ்டம்.

அன்புடன்
நெட்டை

மார்ச் 23

அன்புள்ள நெட்டைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு, எனக்குப் பரிந்து பேசுவாள் என்று நம்பி மகளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் சிரித்தாள்.

“அப்பா, அந்த ஸ்கூலைப் பத்தி நீங்க பேசாத நாளே இல்ல. எந்த பெஞ்சு ஆடும், எந்த ஜன்னல் சாத்தாதுன்னு எனக்கே மனப்பாடம். சின்ன வயசுல தினமும் அந்த கேட்டைத் தாண்டித்தான் என்னை என் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவீங்க. ஒரு நாளாவது உள்ள கூட்டிட்டுப் போனீங்களா?”

உண்மைதான். அவள் கேட்டருகே நின்று எட்டி எட்டிப் பார்ப்பாள். நேரமாகிறது என்று நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன்.

மனுவை அனுப்பவில்லை. பழைய மாணவர் சங்கத்தில் என்னைத் திட்டுவார்கள், திட்டட்டும். வருகிற சனிக்கிழமை காலை ரயிலில் அவளை அழைத்து வருகிறேன். நாற்பத்திரண்டு வயதாகிறது அவளுக்கு. முதல் வகுப்பு அறையைத் திறந்து வை.

உன்
ஓட்டைக்கை