மூன்றை இரண்டாக்கினேன்

காஞ்சிபுரம்
12-3-2001

அன்பு மகள் சங்கீதாவுக்கு அப்பா எழுதுவது. சிகாகோவில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க ஏகாம்பரநாதரை வேண்டிக்கொள்கிறேன். அம்மா சுகம். எனக்குத் தொண்டையில் தையல் பிரித்துவிட்டார்கள், கஞ்சி இறங்குகிறது, குரல் இனி வராது என்பது உனக்கே தெரியுமே, அதனால் போனில் அம்மாவே பேசுகிறாள், நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அவள் உன்னிடம் ஒன்றை மறைக்கிறாள்மா, அதை நானே சொல்லவேண்டும்.

ஆபரேஷனுக்கு முந்தின இரண்டு நாளும் நம் பழைய கம்ப்யூட்டரில் மைக் வைத்து, பிறக்கப்போகும் பிள்ளைக்காகப் பேசிவைத்தேன். எதிர்வீட்டுத் தறிச் சத்தம் விழக்கூடாதென்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பெயர் தெரியாததால் கண்ணு கண்ணு என்று கூப்பிட்டு, உனக்குப் பாடிய தாலாட்டு, கருடசேவைக் கூட்டத்தில் நீ தொலைந்து கிடைத்த கதை, எல்லாம் சேர்த்துப் பதினோரு பதிவு. அதற்கு முன்னால், கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகிறதே என்று புதிதாக ஒரு மெமரி வாங்கிப் போட்டிருந்தேன். அதோடு விட்டேனா, ஆன் செய்ததும் டெலீட் பட்டனை அழுத்தினால் வருமே நீலத் திரை, பயாஸ் என்று, அதில் நுழைந்தேன். மெமரிக்கு நேராக லேட்டன்சி மூன்று என்று இருந்தது. கேட்டதற்கு மெமரி பதில் சொல்ல எத்தனை எண்ணும்வரை பொறுக்கவேண்டும் என்பதாம் அது. அன்றைக்கு எனக்கு அது தெரியாது, குறைத்தால் வேகம் வரும் என்று நினைத்து இரண்டாக்கினேன். வேகமாகத்தான் ஓடியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து போட்டால் பீப் பீப் என்று கத்துகிறது, திரை வரவில்லை. செவிலிமேட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் முனிரத்தினம் வந்து, உள்ளேயிருந்த காசு மாதிரி பேட்டரியைக் கழற்றிப் போட்டுப் பழையபடி மூன்றாக்கினார். கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பதினோரு பதிவின் பெயரும் திரையில் இருக்கின்றன, எதைத் திறந்தாலும் இரைச்சல்தான். இந்த மெமரியால ரெண்டுல பதில் சொல்ல முடியாது சார், அந்த ரெண்டு நாளும் நீங்க பேசுனத டிஸ்குல தப்புத் தப்பா எழுதிக்கினு இருந்திருக்குது என்றார். வேறு வழியே இல்லையா என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன், அவர் கம்ப்யூட்டர் மூடியை எடுத்து மாட்ட ஆரம்பித்தார்.

நீங்க பேசுனதெல்லாம் சமையல்கட்டுலேர்ந்து கேட்டுக்கினுதான் இருந்தேன், பிள்ளைக்கு நான் சொல்றேன் என்கிறாள் அம்மா. சொல்வாள். தாத்தா குரல் எப்படி இருக்கும் என்று அது கேட்டால் என்ன சொல்வாள்? யாரைக் குறை சொல்ல, என் விரல்தான் அழுத்தியது. கஞ்சியும் பிடிக்கவில்லை, உன் போன் வந்தால் எழுவதோடு சரி, படுத்தே கிடக்கிறேன்.

மாதம் தவறாமல் டாக்டரிடம் போ, அந்த ஊர்ப் பனியில் தனியாக நடக்காதே. நல்லபடியாகப் பெற்றெடுத்து நீங்கள் மூவரும் நீடூழி வாழ என் ஆசி. ஒன்று மறந்துவிடாதே. வீட்டில் ஆள் இல்லாதபோது பேசிவைக்கும் மிஷின் உன் போனில் இருக்கிறதே, அதில் பொங்கலன்று நான் ஏதோ சொல்லிவைத்தேன். இருந்தால் பத்திரப்படுத்து. அழித்திருந்தால் எனக்கு எழுதாதே.

இப்படிக்கு,
அப்பா தணிகாசலம்