தூள் போட்ட பாத்தி

15-2-2009, ஞாயிறு
பேத்தி பூமாரி காலேஜிலிருந்து வந்து நட்ட கத்தரி, இரண்டு பாத்தியும் வேர் பிடித்துவிட்டது. ஒரு பாத்தியில் வேருக்கடியில் தூள் போட்டிருக்கிறாள். மரவள்ளி மாவில் அவளே செய்தது. தண்ணீர் பட்டால் ஜவ்வரிசி மாதிரி உப்பிக்கொள்கிறது. ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுமாம், பிறகு மண்ணோடு மக்கிவிடுமாம். இன்னொன்று வெறும் பாத்தி. இன்றைக்கு இரண்டுக்கும் ஒன்றுபோலத் தண்ணீர் விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

"வாடுனா மொதல்ல தேதிய நோட்ல எழுது, அப்பறம் தண்ணி விடு அப்பத்தா."

என் அஞ்சாம் வகுப்புப் படிப்பு இதற்காவது ஆகட்டும்.

18-2
ஒரு மாதத்துக்குத் தண்ணீரே வேண்டாம் என்று நாத்தனார் அய்யம்மாளிடம் சொன்னேன். பூமாரி அப்படிச் சொல்லவில்லை. நான்தான்.

21-2
வெறும் பாத்தி வாடியது. ஆறு நாள். எழுதினேன், தண்ணீர் விட்டேன்.

25-2
தூள் பாத்தியும் தலை சாய்ந்துவிட்டது. வேலியோரம் அய்யம்மாள். "என்ன மதினி, ஒங்க பேத்தி தூளுக்கும் தாகம் எடுக்குதோ?"

அவள் போனதும் செடிக்கு ஒரு செம்பு ஊற்றினேன். பூமாரி நோட்டில் எழுதவில்லை. இந்த டைரியில் எழுதுகிறேன்.

7-3
25, 27, 1, 3, 5, 7. தெரியாமல் ஊற்றியது இன்றோடு ஆறு தடவை.

8-3, ஞாயிறு
"இருவத்தோரு நாளு அப்பத்தா! காலேஜு சாருமாருக நம்பவே மாட்டாக!" என்று நோட்டைப் பார்த்துவிட்டுக் கட்டிக்கொண்டாள் பூமாரி. பக்கத்துக் காட்டு ஒச்சாண்டியும் வந்தான். அவன் கிணறு வற்றி, டிராக்டரில் விலைக்கு வாங்கும் தண்ணீர்தான்.

"மூணு வாரத்துக்கு ஒரு தண்ணின்னா நானும் ஒரு ஏக்கர் நட்டுருவேன் அத்தை."



9-3
ஒச்சாண்டி உழ ஆரம்பித்துவிட்டான். சொல்லவா? எந்த மொகத்த வச்சிக்கிட்டுச் சொல்ல—

சொல்லிட்டேன். போனில், பூமாரியிடம். "தேதி இருக்கா?" என்றாள். இதைப் பார்த்து ஆறையும் வாசித்தேன்.

"ஏன் அப்பத்தா இப்பிடிச் செஞ்ச?"

உனக்காக என்று சொல்ல வாயெடுத்தேன். அய்யம்மாள் சிரிக்கக் கூடாதே என்றுதான், என்றேன்.

ஒச்சாண்டியிடம் நானே நடந்து போய்ச் சொன்னேன். உழவை நிறுத்தி மாட்டை அவிழ்த்துவிட்டான்.

15-3
பூமாரி வந்தாள். இரண்டு பாத்திக்கும் தண்ணீர் விட்டு, புது நோட்டு ஒன்றை என் கையில்தான் கொடுத்தாள்.

21-3
வெறும் பாத்தி, ஆறு நாள்.

25-3
தூள் பாத்தி வாடியது. பத்து நாள். எழுதினேன். ஒச்சாண்டி எண்ணிப் பார்த்துவிட்டு, "நாலு நாளு கூட நிக்கிதா? கால் ஏக்கர் நடலாம்" என்றான்.

தண்ணீர் விடுவதற்கு முன்னால் அய்யம்மாளைக் கூப்பிட்டேன்.

"வாடிருச்சு. வந்து பாத்துட்டுப் போ."