ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி அப்பா

செப்டம்பர் 6, வெள்ளி

கர்ட் இன்றும் வரவில்லை. விவாகரத்தில் பேசி முடித்தது இதுதான்: ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி, இரண்டு ஊருக்கும் நடுவில் நெடுஞ்சாலை பெட்ரோல் பங்கில் எங்கள் மகள் ஹேட்டியை அவனிடம் ஒப்படைப்பேன், ஞாயிறன்று அங்கேயே கூட்டிக்கொள்வேன். அவன் வாசலை நான் மிதிக்க மாட்டேன், என் வாசலை அவன் மிதிக்க மாட்டான். டயருக்குக் காற்றடிக்கும் இடத்தில், பையின் மேல் உட்கார்ந்து எட்டு வயதுப் பெண் காத்திருந்தாள். பகலெல்லாம் ஊரார் பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றி இறக்குகிறேன். என் பிள்ளையை ஏற்றிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

செப்டம்பர் 10

கர்ட் போன் செய்தான். இறைச்சி ஆலையில் ஷிப்டைக் குறைத்துவிட்டார்களாம். ஹேட்டியின் பராமரிப்புத் தொகையைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள், வாடகைக்கே திண்டாட்டம். வெறுங்கையோடு எப்படி வந்து நிற்பது என்றுதான் வரவில்லையாம்.

"மார்லீன், அப்பாங்கிற உரிமையையே எழுதிக் குடுத்துடறேன். அவ முழுசா உனக்குத்தான். அப்போ பிடித்தத்தையும் நிறுத்திடுவாங்கல்ல?"

ஆலையில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்களாம். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததோ நிம்மதி. பணம் போனால் போகட்டும், இனி அந்தப் பங்கில் தவம் கிடக்க வேண்டாமே. சரி என்றேன்.

செப்டம்பர் 13

உரிமையை விட்டுக்கொடுக்கும் காகிதத்தில் இருவரும் வங்கியில் கையெழுத்துப் போட்டோம், அங்கே கையெழுத்துக்குச் சான்று தரும் பெண் முத்திரை குத்தினாள். நீதிமன்றத்தில் கொடுத்ததும் விசாரணைக்குத் தேதி போட்டார்கள். வெறும் சடங்குதான், முத்திரை விழுந்த பிறகு யார் என்ன கேட்கப்போகிறார்கள்? கர்ட் வங்கிப் பேனாவைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

செப்டம்பர் 20, வெள்ளி

ஹேட்டி பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். போக வேண்டாம் என்றேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். இல்லை, கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றேன்.

"எதுல?"

என்னத்தச் சொல்றது? அப்பாங்கிற வேலையை ராஜினாமா பண்ணிட்டார்னா? சூப் ஆறிப்போனதுதான் மிச்சம்.

அக்டோபர் 4, வெள்ளி

மறுபடியும் பையைக் கட்டினாள்.

அக்டோபர் 9

நீதிபதி ஒரு பெண்மணி. காகிதத்தைப் படித்துவிட்டு, நான் மறுமணம் செய்திருக்கிறேனா, ஹேட்டியைத் தத்தெடுக்க யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். அப்படியானால் அப்பா என்ற இடம் காலியாகத்தான் கிடக்கும், அதற்கு அனுமதிக்க முடியாது என்றார்.

பணமே வேண்டாம் என்கிறேனே, அப்புறம் என்ன? அதையும் கேட்டேன். என் வாய் சும்மா இருக்குமா?

"அது உங்க பணம் இல்லம்மா, உங்க பொண்ணோடது. வேணாம்னு சொல்ல நீங்க யாரு?"

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எட்டு வருஷமா அவளுக்காகத்தான் எல்லாம்னு நினைச்சிட்டிருந்தேன் — அவளோடதைத் தூக்கி எறியப் பார்த்தது நானா?

பிறகு கர்ட்டின் பக்கம் திரும்பினார்.

"வருமானம் குறைஞ்சா தொகையைக் குறைக்கச் சொல்லி மனுப் போடுங்க. அப்பாவா இருக்கறதை எதுக்குக் குறைக்கறீங்க?"

அப்படிக் கேட்கலாம் என்பதே தனக்குத் தெரியாது என்றான். பொய்யில்லை. எனக்கும் தெரியாது.

வெளியே வண்டியில் ஏறாமல் நின்றுகொண்டிருந்தான். எனக்குத் தாங்கவில்லை.

"கையில காசு இல்லேன்னாலும் வா, கர்ட். அவ பையைக் கட்டிக்கிட்டே இருக்கா."

தலையாட்டினான். கண்ணைத் துடைத்தது குளிரால் என்று நானும் நம்பிவைத்தேன்.

அக்டோபர் 18, வெள்ளி

வந்துவிட்டான். எங்களுக்கு முன்னாலேயே, காற்றடிக்கும் இடத்தில், இலவங்கப்பட்டை ரொட்டியோடு. ஹேட்டி வண்டியில் ஏறவில்லை.

"நீ கையெழுத்துப் போட்டியா, இல்லையா?"

"போட்டேன். செல்லாதுன்னுட்டாங்க."

"நல்லவேளை," என்று சொல்லி ரொட்டியை வாங்கிக்கொண்டாள்.

நவம்பர் 12

தொகையைக் குறைத்து உத்தரவு வந்துவிட்டது. இனி சிக்கனம்தான், குளிர்காலத்துக்கு ஒரு வழி பண்ண வேண்டும். பழைய பாக்கியை அவன் கட்டித்தான் ஆக வேண்டுமாம். கட்டட்டும்.

நவம்பர் 15, வெள்ளி

முதல் பனி. வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன், ஹேட்டியின் கையுறை என் காரிலேயே கிடந்தது. முன்பென்றால் அவனே பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டிருப்பேன். இன்று போன் போட்டேன், கொண்டுவந்து தரட்டுமா என்று.

"வேணாம், இங்கே ஒரு ஜோடி வாங்கி வச்சிருக்கேன்," என்றான். ஹேட்டியைக் கூப்பிட்டு மாட்டிப் பார்த்தான் போல. "போன வருஷம் வாங்கினது, மார்லீன். இப்போ கையே நுழைய மாட்டேங்குது. காலையில ரெண்டு பேரும் கடைக்குப் போறோம்."